எழுதுகிறவர்களே மதிப்பெண் போடும்போது

இறையனார் அகப்பொருளுக்கு உரை பிறந்த கதை தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். மதுரையில் 49 புலவர்கள் ஒரே நூலுக்குத் தனித்தனியே உரை கண்டார்கள். ஒவ்வொருவரும் தம் உரையே சரி என்று நின்றதால், எது மெய்யுரை என்று அவர்களுக்குள் தீர்க்க முடியவில்லை. நடுவர் ஒருவர் வேண்டுமென்று பாண்டியனிடம் போனார்கள். அவனுக்கும் ஆள் அகப்படவில்லை. கடைசியில் இறைவன் காட்டிக்கொடுத்தது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைச் சிறுவனை. அவனை உட்காரவைத்து உரைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மருதனிளநாகனார் உரைக்குச் சில இடங்களில் அவன் மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரைக்கோ சொல்லுக்குச் சொல் கண்ணீர் வந்தது. நக்கீரர் உரையே மெய்யுரை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

எழுதுகிறவர்கள் கூடுகிற எந்த இடத்திலும் எழும் இரண்டு விஷயங்களை இந்தக் கதை தொட்டுவிடுகிறது. சக எழுத்தை அளக்க உட்காரும்போது தன் எழுத்து குறுக்கே வந்து நிற்கும் என்பது ஒன்று. நல்ல தீர்ப்பு என்பது இன்ன இடத்தில் எனக்கு இன்னது நேர்ந்தது என்று சொல்லும் சாட்சியம் என்பது மற்றொன்று. அந்தச் சிறுவன் எந்த உரைக்கும் மதிப்பெண் போடவில்லை. எங்கே சிலிர்த்தான், எங்கே சிலிர்க்கவில்லை என்பதையே அவை பார்த்தது.

இன்று கதையும் கவிதையும் தொடரும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கூடுவது இணையத் தளங்களில். வாட்பேட் 2006-ல் கனடாவில் தொடங்கியது. பிரதிலிபி 2014-ல் பெங்களூரில் தொடங்கித் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் நடக்கிறது. அங்கே படைப்பு முடியும் இடத்தில் ஐந்து நட்சத்திரங்களும் விமர்சனம் எழுத ஒரு பெட்டியும் காத்திருக்கும். இப்படிப்பட்ட தளங்களை நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான்: எழுத வருகிறவர்கள் ஏராளம், அடுத்தவர் எழுதியதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம். முதல் கதையைப் போட்ட ஒருவர் நாள்தோறும் வந்து பார்த்து, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்தால், அடுத்த கதையோடு வரமாட்டார். அதனால்தான் ‘படியுங்கள், ரேட்டிங் கொடுங்கள், விமர்சனம் எழுதுங்கள்’ என்ற தூண்டுதல். அதற்குப் புள்ளி, பட்டம், தரவரிசை, போட்டி.

இந்தத் தூண்டுதல் என்ன செய்கிறது என்பதற்கு முப்பது ஆண்டு அனுபவம் இப்போது கையில் இருக்கிறது. அக்கறையோடு செய்யப்பட்ட ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இது: உறுப்பினர்களை ஒருவர் எழுத்தை ஒருவர் மதிப்பிடச் சொல்லித் தூண்டத்தான் வேண்டும். அதன் பெரிய பலன் மதிப்பிடுகிறவருக்கே கிடைக்கிறது. ஆனால் மதிப்பீடு ஒரு எண்ணாகச் சுருங்கிய இடங்களில் அந்தப் பலன் கரைந்துபோயிருக்கிறது.

எண் இல்லாமலேயே இதைச் சாதித்தவர்கள் உண்டு. அறிவியல் புனைவு எழுதுகிறவர்களுக்காக ஆண்ட்ரூ பர்ட் 1995-ல் தொடங்கிய கிரிட்டர்ஸ் என்ற பயிற்சிக் குழு அப்படிப்பட்டது. வாரந்தோறும் சில கையெழுத்துப் பிரதிகள் உறுப்பினர்களுக்குப் போகும். நான்கு வாரத்தில் மூன்று வாரமாவது யாருடைய கதைக்காவது விமர்சனம் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அப்படிச் செய்தவர்களின் கதைதான் முறைப்படி சுற்றுக்கு வரும். நட்சத்திரம் கிடையாது, தரவரிசை கிடையாது. திரைப்பட இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா தொடங்கிவைத்த ஸோட்ரோப் தளத்திலும், சக உறுப்பினர்களின் படைப்புகள் சிலவற்றைப் படித்து மதிப்பிட்ட பிறகே தன்னுடையதைப் போட முடியும். ஸ்கிரைபோஃபைல் தளத்தில் விமர்சனம் எழுதிச் சேர்க்கும் புள்ளியைச் செலவழித்துத்தான் தன் படைப்பை முன்வைக்க முடியும். விவரங்கள் வேறுபட்டாலும் மூன்றிலும் விதி ஒன்றுதான்: முதலில் வாசி, பிறகு எழுத்தை நீட்டு.

இந்த விதிக்கு மூலம் அதற்கும் முந்தைய பயிலரங்குகள். டேமன் நைட் 1956-ல் அமெரிக்காவின் மில்ஃபர்டில் தொடங்கிய கூட்டங்களிலும், அங்கிருந்து முறையை எடுத்துக்கொண்டு 1968-ல் பிறந்த கிளாரியன் பயிலரங்கிலும், வட்டமாக உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதையைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் பேசி முடித்த பிறகே அவர் முறை வரும். பதில் சொல்லும் அவசரம் இல்லாதபோதுதான் காது திறக்கும் என்பது அந்த முறையின் நம்பிக்கை.

நம் மரபில் சக எழுத்தாளரின் மதிப்பீட்டுக்கு ஒரு இடம் இலக்கணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்லத் தகுந்தவர் யார் என்று 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் நான்கு பேரைக் காட்டுகிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். கூடப் படித்தவருக்கு இரண்டாவது இடம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒரு சாலையில் பயின்றவர் என்றே சொல்லப்படுகிறது. தன்னைத் தானே புகழ்வது தகாது. ஆகவே அந்தப் பொறுப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கொடுத்தார்கள். அச்சு வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில், இதே வழக்கம் சாற்றுகவிகளாகப் பெருகியது. நூலின் முன்பக்கங்களில் வித்துவான்கள் வரிசையாக நின்று பாராட்டுவார்கள். இன்று இவர் நூலுக்கு அவர் கவி தந்தால், நாளை அவர் நூலுக்கு இவர் தருவார். அந்தக் கவிகளில் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு மாற்றி ஒட்டினாலும் பொருந்தக்கூடியவை பல.

இணையத்தில் ஐந்து நட்சத்திரங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியில் பதிவுகளுக்கு வாக்களிக்க முடிந்தது. வாக்களித்துவிட்டுப் பின்னூட்டத்தில் ‘த.ம. 3’ என்று எழுதிவிட்டுப் போவது அன்று ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்றாவது ஓட்டு நான் போட்டது என்று அதற்குப் பொருள். நான் எழுதும்போது நீங்களும் வாருங்கள் என்பது சொல்லாமல் சொல்வது. சில பின்னூட்டங்களில் அந்த மூன்று எழுத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது. இதை அந்நாளில் பதிவர்களே ‘மொய்’ என்றார்கள். மிகப் பொருத்தமான சொல். கல்யாண வீட்டில் மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறுவது ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் நல்ல ஏற்பாடு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வார்கள். ஆனால் வந்த மொய்யை வைத்து மணமக்கள் எப்படி வாழ்வார்கள் என்று யாரும் கணிப்பதில்லை. இணையத்தில் அந்தக் கணிப்பைத்தான் செய்தார்கள்: கூடிய ஓட்டை வைத்துப் படைப்பை மேலே ஏற்றினார்கள்.

இது தமிழர்களிடம் மட்டும் உள்ள குறை இல்லை. ஜப்பானில் 2004 முதல் நடக்கும் ‘ஷோசெட்சுகா நி நாரோ’ தளத்தில் ஒரு வாசகர் அதிகபட்சம் பத்துப் புள்ளி தரலாம். புக்மார்க் செய்தால் இன்னும் இரண்டு. ஆக ஒரு நண்பரால் பன்னிரண்டு புள்ளி தர முடியும். தரவரிசையில் மேலே வரும் தொடர்களைப் பதிப்பகங்கள் தேடி வந்து நூலாக்குகின்றன, அனிமே ஆக்குகின்றன. எழுதுகிறவர்கள் குழு சேர்ந்து புள்ளி பரிமாறிக்கொள்வது அங்கே தீராத சர்ச்சை. வாட்பேடிலும் ‘நீ என் அத்தியாயத்துக்கு ஓட்டுப் போடு, நான் உன்னுடையதற்குப் போடுகிறேன்’ என்ற ஒப்பந்தத்துக்குக் குறைவில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை முழுதாகக் காட்டியது ஆத்தானமி. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2008-ல் பிரிட்டனில் தொடங்கிய தளம் அது. பதிப்பகங்களில் கேட்காமலே வந்து குவியும் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்க ஆள் இல்லை. அந்த வேலையை எழுதுகிறவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்ளட்டும் என்பது யோசனை. நாவலில் குறைந்தது 10,000 சொல்லைத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஐந்து புத்தகம் வைக்கக்கூடிய ஒரு அலமாரி. பிடித்த நாவலை அதில் வைத்தால் அதுவே ஆதரவு. மாதக் கடைசியில் முதல் ஐந்து இடத்தில் நிற்கும் நாவல்கள் பதிப்பகத்தின் ஆசிரியர் மேசைக்குப் போகும்; அவர்கள் படித்துக் கருத்து எழுதுவார்கள். பின்னால் மேலே வரப்போகும் நாவலை முன்கூட்டியே இனம்கண்டு அலமாரியில் வைத்தவர்களுக்குத் திறமை கண்டுபிடிப்பவர் என்ற தனித் தரவரிசையும் இருந்தது.

காகிதத்தில் பார்த்தால் அருமையான அமைப்பு. அலமாரியில் ஐந்தே இடம் என்பதால் ஆதரவு மலிந்துபோகாது. முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குப் பரிசு இருப்பதால் புதியவர்களைத் தேடிப் படிப்பார்கள். நடந்தது வேறு. மேசைக்குப் போக வேண்டுமானால் நூற்றுக்கணக்கான அலமாரிகளில் ஏற வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். நாவலைத் திருத்த வேண்டிய இரவுகள் தகவல் அனுப்புவதில் போயின. ‘உங்கள் நாவலை என் அலமாரியில் வைத்திருக்கிறேன், என்னுடையதையும் பாருங்கள்’ என்று வந்து விழுந்த தகவல்களில் படித்ததற்கான தடயம் பல நேரம் இல்லை. குறை சொன்னால் ஓட்டுப் போகும் என்பதால் குறை சொல்வது குறைந்தது. தளத்திலிருந்து நூல்கள் வராமல் இல்லை. மிராண்டா டிக்கின்சனின் முதல் நாவல் அங்கே கண்டெடுக்கப்பட்டு 2009-ல் வெளிவந்து நன்றாக விற்றது. என்றாலும் 2015-ல் தளத்தை மூடிவிட்டார்கள். அங்கே எழுதியவர்கள் மோசமானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பரிசு எதற்குக் கிடைத்ததோ அதையே செய்தார்கள்: அலமாரியில் ஏறுவதற்குப் பரிசு இருந்தது, நன்றாக வாசிப்பதற்கு இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நடப்பது இன்னும் கசப்பானது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில், முதல் நாவல் வெளிவரவிருந்த ஒரு எழுத்தாளர், குட்ரீட்ஸ் தளத்தில் போலிக் கணக்குகள் தொடங்கித் தன்னைப் போன்ற புது எழுத்தாளர்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரமும் தன் நூலுக்கு உயர்ந்த மதிப்பும் போட்டது வெளியே வந்தது. பதிப்பகம் அவருடைய நூலைக் கைவிட்டது. ஒரே பட்டியலில் நிற்கிறவர்கள் கையில் ஒருவரை ஒருவர் இறக்கிவிடும் பொத்தானைக் கொடுத்தால் யாராவது ஒருவர் அதை அழுத்தத்தான் செய்வார். தமிழ்ச் சூழலில் இதன் வடிவம் கொஞ்சம் மாறும். இங்கே மைனஸ் ஓட்டு பெரும்பாலும் எழுத்துக்கு விழுவதில்லை. எழுதியவரின் கட்சிக்கும் சாதிக்கும் அணிக்கும் விழுகிறது. பெண்கள் எழுதினால் எதற்கு விழுகிறது என்று சொல்லவே வேண்டாம்.

எண்ணிலேயே உள்ள கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து நட்சத்திர முறையில் கிட்டத்தட்ட எல்லாமே ஐந்தாகிவிடுகிறது என்று யூட்யூப் 2009-ல் தானே அறிவித்து, அடுத்த ஆண்டு கட்டைவிரல் முறைக்கு மாறியது. நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் அதே வழியில் போனது. பரஸ்பர மதிப்பீட்டில் பழிவாங்கல் நுழையும் என்பதை ஈபே பட்டறிந்து, 2008-ல் வாங்கியவர்மேல் விற்றவர் எதிர்மறைக் குறிப்பு இடும் வசதியை எடுத்துவிட்டது. ஏர்பிஎன்பி 2014-ல் ஒரு வழி கண்டது: இரு தரப்பும் எழுதி முடிக்கும்வரை அல்லது கெடு தீரும்வரை யார் என்ன எழுதினார்கள் என்பது மற்றவருக்குத் தெரியாது. எழுத்துத் தளங்கள் கடன் வாங்கத் தகுந்த ஏற்பாடு இது. ஏனோ அதிகம் பேர் வாங்கவில்லை.

முதலில் விழும் ஓட்டுக்கு உள்ள பலம் இன்னும் கவலை தருவது. லெவ் முச்னிக், சினான் ஆரல், சீன் டெய்லர் மூவரும் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனையில், ஒரு தளத்தில் 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் வந்த உடனே ஒரு ஆதரவு ஓட்டைத் தாங்களே போட்டார்கள். அடுத்துப் பார்த்தவர் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. முடிவில் அந்தக் கருத்துகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. எதிர் ஓட்டுப் போட்டு வைத்தவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஓரளவு சரிக்கட்டிவிட்டார்கள். ஆதரவின் ஊதலை யாரும் சரிக்கட்டவில்லை. 2006-ல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 14,341 பேரிடம் 48 பாட்டுகளைக் கொடுத்து நடத்திய சோதனையும் இதையே வேறு விதமாகக் காட்டியது. கேட்டவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்துக்குள் மட்டும் மற்றவர்கள் எதை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்று காட்டியபோது, ஒரு உலகத்தில் ஓகோவென்று போன பாட்டு இன்னொன்றில் கிடப்பில் கிடந்தது. மிக மோசமானவை மேலே வருவதும் மிக நல்லவை அடியோடு மறைவதும் அரிது. நடுவில் உள்ளவற்றின் விதியை முதலில் வந்தவர்கள் எழுதினார்கள். எழுதப் பழகுகிறவர்களின் எழுத்தெல்லாம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது.

சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. பத்துப் பேரும் மூன்று நட்சத்திரம் போட்ட கதைக்கும், ஐந்து பேர் ஒன்றும் ஐந்து பேர் ஐந்தும் போட்ட கதைக்கும் சராசரி மூன்றுதான். முதலாவது யாரையும் எதுவும் செய்யாத கதை. இரண்டாவது எதையோ செய்திருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி வெளியிட்ட புதுக்கவிதைகளை அன்றைய தமிழறிஞர் பலர் கவிதை என்றே ஒப்பவில்லை. அன்று ஒரு ரேட்டிங் முறை இருந்து, அதன் சராசரிப்படி வரிசை அமைத்திருந்தால் அந்தக் கவிதைகள் நம் கண்ணுக்கே வந்திருக்காது. எண் வேண்டுமென்றால் சராசரியைப் போடாமல், எத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்ற பரவலைக் காட்டுவதே நேர்மை.

இதுவரை சொன்னதெல்லாம் எண் பொய் சொல்கிறது என்பது. எண் உண்மையைச் சொன்னாலும் எழுதுகிறவருக்கு உதவுமா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ரூத் பட்லர் 1988-ல் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வை ஆசிரியப் பயிற்சியில் இன்றும் பேசுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார். இன்னொரு பகுதியினருக்கு அவரவர் வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும். மூன்றாமவர்களுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை நன்றாகச் செய்தார்கள், ஆர்வமும் கூடியது. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இரண்டும் பெற்றவர்களிடமும் இல்லை என்பதுதான் உலுக்கும் முடிவு. எண் பக்கத்தில் வந்து நின்றதும் குறிப்பு வேலை செய்யாமல் போனது. பிள்ளை ரேங்க் கார்டை நீட்டும்போது நாம் முதலில் எந்த வரியைப் பார்க்கிறோம் என்று யோசித்தால் இதில் வியப்பில்லை.

ஜஸ்டின் செங்கும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் நான்கு பெரிய செய்தித் தளங்களின் கருத்துப் பகுதிகளை அலசினார்கள். எதிர் ஓட்டு வாங்கியவர்கள் எழுதுவதைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள். எழுத்தின் தரம் இறங்கியது. அதோடு அவர்கள் மற்றவர்களுக்கும் எதிர் ஓட்டுப் போடத் தொடங்கினார்கள். ஆதரவு ஓட்டு வாங்கியவர்களின் எழுத்து அதனால் மேம்படவும் இல்லை. செய்திக் கருத்தும் சிறுகதையும் ஒன்றல்ல என்பது சரி. ஆனாலும் வெறும் எண், ஏறினாலும் இறங்கினாலும், எழுத்தைச் செப்பனிடும் கருவி இல்லை என்று நினைக்க இது போதும்.

அப்படியானால் உறுப்பினர்களை எதற்குத் தூண்ட வேண்டும், விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விடக் கூடாது என்பதற்கு 2009-ல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராமும் வெண்டி பேக்கரும் வெளியிட்ட ஆய்வு நல்ல காரணம் தருகிறது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்க வந்த 91 மாணவர்கள், ஒன்பது வகுப்புகள். ஒரு பிரிவினர் பருவம் முழுக்கப் பிறர் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொன்னார்கள். தங்கள் எழுத்துக்கு எந்தக் கருத்தும் பெறவில்லை. மற்றப் பிரிவினர் வந்த கருத்துகளை வைத்துத் திருத்தக் கற்றார்கள். யாருக்கும் கருத்துச் சொல்லவில்லை. முடிவில் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள். தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. பிறர் கதையில் ஏன் நடுவில் தொய்கிறது என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் தன் கதையின் தொய்வு கண்ணில் படும். எழுதுகிற யாரும் இதை அனுபவத்தில் அறிவார்கள். ஆய்வு அதை உறுதியாக்கியிருக்கிறது.

இந்தப் பலன் நட்சத்திரத்தைத் தொடுவதில் வராது. எந்த இடம், என்ன நேர்ந்தது, ஏன் என்று வாக்கியமாக எழுதும்போதுதான் வரும். ஒரு உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஓய்வு பெறும் நாளைப் பற்றிய கதை. கடைசி நடை முடிந்து டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போக அதே வண்டியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறி உட்காருகிறார். அதற்குப் பிறகும் இரண்டு பக்கம் போகிறது: வீட்டில் மனைவி, மகன், சால்வை, பழைய நினைவுகள். கீழே பத்து விமர்சனம். ‘அருமை சகோ’, ‘கண் கலங்கிருச்சு’, ‘சூப்பர், அடுத்த கதை எப்போ?’. இந்த அன்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. யாரும் கண்டுகொள்ளாத வீட்டில், வேலையெல்லாம் முடித்துவிட்டு இரவில் கைபேசியில் கதை தட்டும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பத்து வரியும் மறுநாள் எழுத உட்காரத் தெம்பு தருகின்றன. பதினோராவது விமர்சனம் இப்படி இருந்தால்: ‘டிக்கெட் எடுத்த இடத்தில் எனக்குக் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த டிக்கெட் என்ன சொன்னதோ அதையே எனக்கு விளக்குகிறது. ஆனால் கண்டக்டர் காசு வாங்க மறுக்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறாரே, அது எப்படித் தோன்றியது?’ இதை எழுதியவர் அந்தக் கதையை இரண்டு முறையாவது படித்திருப்பார். படித்ததும் எழுதியதுமாகக் கதையை எங்கே நிறுத்துவது என்பது பற்றி அவருக்கே ஒரு பாடம் நடந்திருக்கும். அவர் மூன்று நட்சத்திரம் போட்டாரா நான்கா என்பது யாருக்கும் பொருட்டாகாது.

தமிழில் இந்தப் பதினோராவது விமர்சனத்துக்கு நீண்ட மரபு உண்டு. வல்லிக்கண்ணனும் தி.க. சிவசங்கரனும் முன்பின் தெரியாத எழுத்தாளர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கடிதமும் அஞ்சலட்டையும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஏதோ ஒரு சிற்றிதழில் முதல் கதை வந்திருக்கும். அதைப் படித்ததாகவும் எது பிடித்தது என்றும் திருநெல்வேலியிலிருந்து தி.க.சி.யின் அட்டை வரும். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் எழுத்தாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருவருமே சாகித்ய அகாதெமி விருது பெற்ற பெரியவர்கள். புதியவரை வாசிப்பதைத் தங்கள் எழுத்து வேலையின் ஒரு பகுதியாகவே கொண்டார்கள். கையெழுத்தோடு வரும் ஒருவரின் சொல் அது. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக யாரும் நினைக்கவில்லை.

அமைப்பாகச் செய்ததற்கு இலக்கியச் சிந்தனை சான்று. 1970-ல் தொடங்கிய அந்த அமைப்பில் மாதந்தோறும் ஒருவர் அந்த மாத இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கூட்டத்தில் பேசுவார். அடுத்த மாதம் வேறொருவர். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளையும் ஒரு விமர்சகர் ஆராய்ந்து அந்த ஆண்டின் சிறந்த கதையைச் சொல்வார்; கதைகள் தொகுப்பாக வரும். தேர்வுகளோடு எல்லாருக்கும் உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் யார் தேர்ந்தெடுத்தார், என்ன காரணம் சொன்னார் என்பது எப்போதும் தெரிந்தது. சண்டை போடுவதென்றால் அந்தக் காரணத்தோடு போடலாம். 4.6 என்ற எண்ணோடு எப்படிச் சண்டை போடுவது?

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு எழுத்துத் தளத்தையோ குழுவையோ நடத்துகிறவர் என்ன செய்யலாம் என்று பார்த்தால், முதலில் செய்ய வேண்டியது யார் யாரைப் படிப்பது என்பதை உறுப்பினர் விருப்பத்துக்கு முழுக்க விடாமல் இருப்பது. பிரிட்டனின் யூரைட்ஆன் தளம் 2006-லேயே விமர்சகருக்குப் படைப்பைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. யார் கதை வரும் என்று தெரியாதபோது பதிலுக்குப் பதில் செய்வது கடினமாகிறது. யாரும் சீந்தாத புதியவருக்கும் வாசகர் கிடைக்கிறார். அடுத்தது, ஓட்டு என்ற ஒன்று இருந்தால் அதை அரிதாக்குவது. ஸ்லாஷ்டாட் தளத்தில் நடுவராக அமையும் உறுப்பினருக்குக் கொஞ்சம் புள்ளிதான் கிடைக்கும், மூன்று நாளில் அது காலாவதி. தான் பேசிய விவாதத்தில் அதைச் செலவழிக்கவும் முடியாது. கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் சொன்ன பதிலுக்கு எதிர் ஓட்டுப் போட்டால் போட்டவர் கணக்கிலும் ஒரு புள்ளி குறையும். சிறிய விலைதான், ஆனால் விரல் தயங்கும்.

விமர்சனப் பெட்டியை வெறுமையாக வைக்காமல் கேள்வியோடு வைப்பது எல்லாவற்றிலும் எளிது. பலனும் அதற்கே அதிகம் என்பது என் கருத்து. ‘விமர்சனம் எழுதுக’ என்ற பெட்டியில் ‘அருமை’ என்றுதான் விழும். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனீர்கள், யார் பேசுவது என்று எங்கேயாவது குழம்பினீர்களா என்று கேட்டால், விமர்சனம் எழுதிப் பழக்கமே இல்லாத வாசகரும் பதில் சொல்வார். இத்தனை சொல் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைவிட இது மேல். சொல் கணக்குக்காக எழுதும்போது கதைச்சுருக்கத்தைத் திருப்பிச் சொல்லித்தான் நிரப்புவார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவான ‘அளவமைத்த சக மதிப்பீடு’ முறையில், மாணவர்கள் சக மாணவர் கட்டுரையைத் தொடும் முன்பு, ஆசிரியர் ஏற்கெனவே மதிப்பிட்டு வைத்த மூன்று மாதிரிகளை மதிப்பிட்டுத் தங்கள் கண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் தங்கள் கட்டுரையையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். இலக்கியத்துக்கு ஒரே அளவுகோல் கிடையாது என்பதால் இதை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் புதிதாகச் சேர்பவருக்கு, அனுபவமுள்ளவர்கள் எழுதிய நல்ல விமர்சனங்கள் சிலவற்றைக் கதையோடு சேர்த்துப் படிக்கக் கொடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

எண்ணைக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மதிப்பீடு சேரும்வரை மறைத்து வைக்கலாம். தன் கருத்தை எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் எழுதியது வாசகர் கண்ணில் படாமல் இருக்கட்டும். எழுதியவரும், மில்ஃபர்ட் வட்டத்தில் போல, எல்லாக் கருத்தும் வந்த பிறகு பதில் எழுதட்டும்.

பாக்கி இருப்பது ஒன்று: நன்றாக வாசித்து எழுதுகிறவருக்கு என்ன கொடுப்பது. எத்தனை விமர்சனம் எழுதினார் என்று எண்ணிப் புள்ளி கொடுத்தால் ‘த.ம. 3’ திரும்ப வரும். கதை எழுதியவரையே விமர்சனத்துக்கு நட்சத்திரம் போடச் சொன்னால் புகழ்ச்சிக்குத்தான் விழும். கதையைத் திருத்தி மறுபடி ஏற்றும் நேரத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த மாற்றம் யார் சொன்னதால் வந்தது? ஓட்டுநர் கதையின் கடைசி இரண்டு பக்கம் போய்விட்டது என்றால், திருத்திய பிரதியின் அடியில் அந்தப் பதினோராவது வாசகரின் பெயர் நிற்கும். அவருடைய பக்கத்தில், அவர் எழுதிய கதைகளுக்குக் கீழே, அவர் சொல்லால் மாறிய கதைகளின் பட்டியலும் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் யாரிடம் தன் கதையைக் காட்டலாம் என்று தேடும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வார்.